மறுமொழி: ‘எட்யூட்’ – தமிழில் என்ன?

சு. (அல்சூர், பெங்களூரு):
யூபோனியம் (ஊதும் பித்தளைக் கருவி) பழகும் பிள்ளைகளுக்கு எந்த நூலுக்குப் பின் எந்த நூல் என்று ஒரு தாள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். 1864இல் ஆர்பன் கார்னெட்டுக்காக (டிரம்பெட் போன்ற சிறு கருவி) வெளியிட்ட நூலில் பெரும்பகுதி நாக்குக்கும் விரலுக்குமான வேலை. பிற்பகுதியில் வரும் 14 எட்யூடுகளோ (ஒரு திறனைப் பழகவென்றே எழுதியவை) முழு இசைத்துண்டுகள். போர்டோனி பாடகர்களுக்கு எழுதி, ரோஷு டிராம்போனுக்கு மாற்றியவையும் இந்த வகைதான். எல்லாவற்றையும் ‘பயிற்சி’ என்றால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். எட்யூடுக்குப் ‘பயில்பண்’ பொருந்துமா?

பெ. (ஜெயநகர்):
வினைத்தொகையில் வலி மிகாமல் எழுதினீர்களே, அதுவே பெரிது. ஆனால் கொல்லி, காந்தாரம், சீகாமரம் இவையே பண். எட்யூட் பண்ணன்று, பண்ணில் அமைந்த உரு. ஆகவே ‘பயிலுரு’. யூபோனியத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? கிரேக்கத்தில் அதற்கு ‘இன்னொலியது’ என்று பொருள். மலைபடுகடாத்தில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ இருக்கிறது. யானை துதிக்கையால் உயிர்ப்பது போல் ஒலிக்கும் கருவி. ‘இன்னொலித் தூம்பு’ என்க.

மீ. (மல்லேசுவரம்):
ஐயா, தூம்பு என்றால் எங்கள் ஊரில் ஏரி மதகு. பாட்டு வகுப்பில் ‘அப்பியாச கானம்’ என்ற பெயர் ஏற்கனவே புழங்குகிறது. சரளி வரிசை வெறும் பயிற்சி. வர்ணம் சாதகத்துக்கும் ஆகும், கச்சேரிக்கும் ஆகும். எட்யூடை விளக்க வர்ணத்தைக் காட்டினால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சு. அவர்களே, பெயரைவிட முக்கியமானது ஒன்று: டிரம்பெட்டிலிருந்து மாறிய பிள்ளை டிரெபிள் கிளெஃப், அதாவது மேல்சுரங்களுக்கான குறியீடுதான் படிக்கும். ரோஷுவின் தொகுதி டிராம்போனுக்கான பேஸ் கிளெஃபில் (கீழ்ச்சுரங்களுக்கான குறியீடு) இருப்பது. அதைச் சொல்லாமல் நூலின் பெயரை மட்டும் எழுதினால் பெற்றோர் பணத்தைக் கொட்டிவிட்டு விழிப்பார்கள்.

பெ.:
அப்பியாசம் வடசொல். வர்ணமும் அப்படியே, தமிழில் ‘வண்ணம்’. தொல்காப்பியர் வண்ணம் இருபது என்கிறார். அங்கிருந்து தொடங்கினால்…

சு.:
ஐயா, தொடங்க வேண்டாம். கிளெஃப் குறிப்பை முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். யூபோனியம் யூபோனியமாகவே இருக்கட்டும். எட்யூடுக்குப் ‘பயிற்சி உருப்படி’ என்று போடுகிறேன். தனி மடலில் எழுதியவர்களில் பலரும் இதற்கே தலையசைத்தார்கள், களைத்துப்போய்தான்.

பெ.:
சலவைக் கணக்கிலும் உருப்படிதான் எண்ணுகிறார்கள். பயிலுருவை நான் விடுவதாக இல்லை. வண்ணம் பற்றிய மடல் இரவு வரும்.