ரிசல்ட் பேப்பரில் வந்தது பெயரா, நம்பரா?

நெல்லை_முத்து:
"எங்கள் சின்ன வயதில் வாட்ஸ்அப் இல்லாதது பெரிய புண்ணியம். பத்தாவதில் நான் கணக்கில் கோட்டை விட்டது வீட்டோடு போயிற்று" என்று அடையாறு_ஆந்தை நேற்று எழுதியிருக்கிறார். வீட்டோடு போயிற்றாம்! ஐயா, 80, 90களில் ரிசல்ட் மாலைப் பேப்பரில் வந்தது. தேறியவர்களின் நம்பர் மட்டும் இருக்கும். உங்கள் நம்பர் இல்லையென்றால் முடிந்தது கதை. எங்கள் ஊரில் பேப்பர் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் பெட்டிக்கடை வாசலில் பாதி ஊர் நிற்கும். கடைக்காரர் பொடி எழுத்தில் இருக்கும் நம்பர்களை விரலால் தடவிக்கொண்டே வருவார். "இல்லையே தம்பி" என்று அவர் சொல்வது எதிர்ப்பக்கம் டீக்கடைக்கே கேட்கும். இதைவிடவா வாட்ஸ்அப்?

அடையாறு_ஆந்தை:
நம்பர்தானே வந்தது? பெயர் வந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நெல்லை_முத்து:
பெயர் எதற்கு? ஒரு வகுப்புப் பையன்கள் எல்லாருக்கும் அடுத்தடுத்த நம்பர். முன்னால் இருப்பவனுடையதும் பின்னால் இருப்பவனுடையதும் வந்து, நடுவில் உள்ளது வரவில்லை என்றால் அது யார் என்று கண்டுபிடிக்க சிபிஐ வர வேண்டுமா?

அடையாறு_ஆந்தை:
ஆக, பெயர் வரவில்லை. நன்றி.

தஞ்சை_சாரதா:
இரண்டு பேருமே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மறுநாள் அந்தப் பேப்பரில் வடை மடித்துக் கொடுத்துவிட்டார்கள், கதை முடிந்தது. ஃபேஸ்புக் என்றால் வருடா வருடம் அதே தேதியில் "உங்கள் நினைவுகள்" என்று எடுத்து நீட்டும். பெரியம்மா "பரவாயில்லை கண்ணா, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதி, அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருப்பார்கள். பதினைந்து வயதில் அதை எப்படித் தாங்குவது? ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே கணக்கே வைக்கக் கூடாது என்று சும்மாவா சட்டம் கொண்டுவந்தார்கள்?

நெல்லை_முத்து:
அம்மா, எங்கள் பெரியம்மாவுக்கு ஃபேஸ்புக் தேவையே இல்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துச் சொல்வார், "இவன் அந்த வருஷம் நம்பர் வராமல் மோட்டார் ரூமில் போய் ஒளிந்துகொண்டான்" என்று. அழிக்கவும் முடியாது, பிளாக் செய்யவும் முடியாது. நம்பர் பேப்பரில் வந்தது. ஊர் பார்த்தது. அவ்வளவுதான்.

கோவை_பம்பரம்:
ஓ, அண்ணாச்சிக்கே நம்பர் வரவில்லையா! இதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தீர்களா?

நெல்லை_முத்து:
அக்டோபரில் எழுதித் தேறினேன். பம்பரம் சுற்றுகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது.

அடையாறு_ஆந்தை:
உங்கள் ஊர் சின்ன ஊர். பெட்டிக்கடைக்காரருக்கு எல்லாரையும் தெரியும். மெட்ராஸில் யார் யார் நம்பரைத் தேடினார்கள்? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பெயரோடும் படத்தோடும் வந்தது மாநிலத்தில் முதலிடம் வாங்கியவர்கள் மட்டும்தான், அம்மா லட்டு ஊட்டுகிற படம். அந்த ரேங்க் பட்டியலையும் 2017-ல் அரசே நிறுத்திவிட்டது. ஏன்? பெயர் வெளியே வந்தால் பிள்ளைகளுக்குப் பாரம். பெயர்! நம்பர் இல்லை.

நெல்லை_முத்து:
முதலிடம் வாங்கியவர்களுக்கான ஏற்பாட்டைத் தோற்றவனுக்கு ஆதாரமாகக் காட்டுகிற ஒரே ஆள் நீங்கள்தான். மெட்ராஸில் யாருக்கும் தெரியாதாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசியது உங்களுக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. செய்தி பரவ நெட் வேண்டும் என்று யார் சொன்னது? 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த அன்று எத்தனை பேர் வீட்டில் போன் இருந்தது? காலையில் டெல்லியில் கிளம்பிய பேச்சு அன்றைக்கே நாடு முழுக்கப் பரவி, வெளிநாட்டுக் கோயில்களிலும் ஆட்கள் ஸ்பூனோடு வரிசையில் நின்றார்கள். அதற்கு எந்தக் குரூப் அட்மின்?

கோவை_பம்பரம்:
அது பரப்பு இழுவிசை. அன்றைக்கே விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள்.

தஞ்சை_சாரதா:
எங்கள் தெருப் பிள்ளையாருக்கு நானே கொடுத்தேன். குடித்தார். இழுவிசை எல்லாம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை_பம்பரம்:
அப்படியானால் மறுநாள் ஏன் குடிக்கவில்லை?

தஞ்சை_சாரதா:
உங்களைப் போன்றவர்கள் ஸ்பூனோடு வந்திருப்பார்கள்.

அடையாறு_ஆந்தை:
பிள்ளையாரை இழுத்தாலும் பெயர் வராதது வராததுதான். முத்து எப்போதும் இப்படித்தான். சன் டிவி 1992-ல் வந்தது என்று போன மாதம் எங்களோடு மல்லுக்கட்டியவர். 1993 ஏப்ரல் 14 என்று சொன்னதும் ஆளைக் காணோம்.

நெல்லை_முத்து:
காணாமல் போகவில்லை, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன்பே கேபிள்காரர் வயர் இழுத்துப் படம் போட்டார், அதைத்தான் சொன்னேன். ஒழுங்காகப் படிக்காமல் பதில் எழுதுவது உங்கள் வழக்கம். கணக்கில் கோட்டை விட்டது ஏன் என்று இப்போது புரிகிறது.

அடையாறு_ஆந்தை:
தனிநபர் தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

நெல்லை_முத்து:
தாராளமாகக் கவனிக்கட்டும். பம்பரம் என் அக்டோபரை இழுத்தபோது இவர் எங்கே போயிருந்தார்? சன் டிவி விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். கேபிள் ரசீது வைத்திருப்பவர்கள் அங்கே வரலாம்.