வளர்ப்பு எலிக்கு ஹார்னெஸ்: வீட்டில் தைக்கலாமா, கூடாதா?

ஊசிமுனை (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
ஹார்னெஸ் என்பது எலியின் உடம்பைச் சுற்றி மாட்டிக் கயிறு கட்டுகிற பட்டை. கடையில் கிடைப்பவற்றில் பல மெல்லிய நாடாவில் செய்த இரட்டை வளையம்தான். எலி துள்ளினால் நாடா அக்குளில் அறுக்கும். அதைவிடச் சட்டை மாதிரி நாமே தைப்பது மேல்.

அளவு இரண்டே: கழுத்தடிச் சுற்று, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று. கழுத்து 10 செ.மீ., மார்பு 14 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெல்க்ரோவால் (ஒட்டிப் பிரிக்கிற நாடா) ஒட்ட 2 செ.மீ. சேர்த்தால் துணியின் ஒரு ஓரம் 12, மறு ஓரம் 16. நீளம் 5 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் எலியால் முதுகை வளைக்க முடியாது, அப்படியே குப்புறப் படுத்துவிடும். கால் துளையை 1.5 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள், போட்டதும் துணி இழுபட்டுத் தானே பெரிதாகும். ஃப்ளீஸ் என்கிற கம்பளி போன்ற மெத்துத் துணி பிசிறு விடாது. இழுத்துப் பார்த்து, குறைவாக நீள்கிற திசை மார்பைச் சுற்றி வருமாறு வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் எலி பின்னால் நகர்ந்தே கழன்றுவிடும்.

மீசை (பீனிக்ஸ், டர்பன்):
அக்கா, தையலில் குறை சொல்லவில்லை. டர்பனில் ஜனவரி கோடைப் புழுக்கத்தில் ஃப்ளீஸா? எலிக்கு வியர்க்காது. உடம்புச் சூடு வாலிலும் காதிலும்தான் இறங்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம், அதன் மேல் கம்பளி போர்த்துகிறோம். வளர்ப்பு எலிகளில் பலவற்றுக்கு மைக்கோபிளாஸ்மா கிருமி மூச்சுக்குழாயிலேயே குடியிருக்கிறது. மார்பை இறுக்கினால் மூச்சு முட்டும். தளர்த்தினாலோ தலையும் தோளும் நழுவி எலி ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகச் சின்னது.

இன்னொன்று, வெல்க்ரோ பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும், மேல்நோக்கி இழுத்தால் உரியும். கயிறு எப்போதும் மேல்நோக்கித்தானே இழுக்கிறது?

ஊசிமுனை:
சூட்டுக்கு வழி இருக்கிறது. பழைய டி-ஷர்ட் துணியை இரண்டு மடிப்பாக எடுத்து ஓரத்தைச் சிக்-சாக் தையலில் அடைத்தால் ஃப்ளீஸ் வேண்டாம். மிஷினில் பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசி போடுங்கள், சாதா ஊசி இழையை அறுத்துத் துளை விடும்.

வெல்க்ரோ உரிவது கயிறு மாட்டும் வளையத்தை மேல் மடிப்பில் தைப்பதால். அதைக் கீழ் மடிப்பில் தையுங்கள். முன்னும் பின்னும் ஒரு செ.மீ. வெல்க்ரோ, நடுவில் நாடாவில் கோத்த டி வளையம். மேல் மடிப்பில் பித்தான் துளை போல ஒரு கீறல் விட்டு, வளையத்தை அதன் வழியே வெளியே எடுங்கள். கயிறு இழுபடும்போது கீழ் மடிப்பு எழும்பி மேல் மடிப்பை அழுத்தும், உரிக்காது. வெல்க்ரோவின் கொக்கி உள்ள பக்கம் கீழ் மடிப்பில் மேல்நோக்கி இருக்கட்டும், இல்லையேல் ரோமத்தைப் பிடுங்கும். வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவில் வரவேண்டும், கழுத்தில் ஒருபோதும் கூடாது.

இறுக்கம் சரியா என்று பார்க்கப் பென்சில் ஒன்றை மார்புப் பக்கம் செருகுங்கள். அது சிரமமில்லாமல் நுழைய வேண்டும், இரண்டு பென்சில் நுழையக்கூடாது.

வால்நீளம் (டோங்காட்):
ஹாம்ஸ்டருக்கும் இதே அளவைச் சுருக்கித் தைக்கலாமா?

ஊசிமுனை:
வேண்டாம் தம்பி. கன்னப்பை தோள்வரை போகிறது, கழுத்தென்று தனியாக ஒன்றும் இல்லை. ஜெர்பிலுக்கும் சுண்டெலிக்கும் கூடாது.

மீசை:
கீறல் யோசனை நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். வளையத்தின் எடையையும் பாருங்கள். 300 கிராம் எலி மேல் 10 கிராம் இரும்பு என்றால், 60 கிலோ ஆள் முதுகில் 2 கிலோ. கயிற்றுக் கொக்கியும் வளையமும் சேர்த்து 3 கிராமுக்குள் நிறுத்துங்கள். கயிற்றின் கடைசி ஒரு சாண் எலாஸ்டிக்காக இருக்கட்டும், வெடுக்கென்ற இழுப்பு விலாவுக்குப் போகாது.

ஆனால் முற்றத்துக்குக் கொண்டுபோவதை நான் எதிர்க்கிறேன். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை மஞ்சள் அலகுப் பருந்து நம் கூரைமேலேயே வட்டமிடுகிறது, வெர்வெட் குரங்கு வேறு. காட்டெலி மூத்திரம் பட்ட புல்லில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். ஹார்னெஸ் ஓட்டத்தைத்தான் தடுக்கும், பருந்தை அல்ல.

ஊசிமுனை:
புல்தரைக்கு நானும் சொல்லவில்லை. தோளில் உட்காரவைத்து வீட்டுக்குள் நடக்கும்போது குதித்துவிடாமல் பிடிக்கத்தான் இது. தப்பினாலும் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உறைபோல் கழன்று வந்துவிடும்.

மீசை:
அப்படியானால் பழக்குகிற முறையையும் எழுதிவிடுங்கள். முதல் சில நாள் துணியைக் கூண்டில் போட்டு வாசனை பழகட்டும். வெல்க்ரோ கிழிகிற சத்தத்துக்கு எலி மிரளும், ஒவ்வொரு முறையும் தின்பண்டத்தோடு பழக்குங்கள். மூக்கிலோ கண்ணோரத்திலோ சிவப்பாகக் கசிந்தால் அது ரத்தமில்லை, போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி. மிரட்சியிலும் வரும், நோயிலும் வரும். ஹார்னெஸைக் கழற்றுங்கள், நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஊசிமுனை:
போடுவதற்கு முன் உள்பக்க நூல் முனைகளைத் தடவிப் பாருங்கள். தொங்கும் ஒரு இழை எலியின் விரலில் சுற்றினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். கடித்து விழுங்கினால் எலியால் வாந்தியெடுக்கவும் முடியாது. போட்டிருக்கும் நேரம் முழுக்கக் கண் அதன் மேலேயே இருக்கட்டும், கூண்டுக்குள் போகும் முன் கழற்றிவிடுங்கள்.