கூட்டத்தில் அமர்ந்ததும் என் கருத்து ஏன் தளர்கிறது?

கேள்வி: தனியாக இருக்கும்போது உறுதியாகத் தோன்றும் கருத்து, பலர் மாறாகப் பேசும் கூட்டத்தில் எனக்கே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. இது அச்சமா, மனமாற்றமா?

பதில் 1: பெரும்பாலும் அச்சமே என்பேன். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு உடனிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒரு முறையேனும் அதற்கு இணங்கினார்கள். விடையைத் தனியே எழுதச் சொன்னபோதோ இணக்கம் வெகுவாகக் குறைந்தது.

பதில் 2: அச்சம் மட்டுமே என்பதை ஏற்கத் தயங்குகிறேன். 1968-இல் உளவியலாளர்கள் லத்தானேயும் டார்லியும் ஒரு சோதனையில் அறைக்குள் புகையைச் செலுத்தியபோது, தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் அதைத் தெரிவித்தனர். சலனமின்றி அமர்ந்திருந்த இருவருடன் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே தெரிவித்தனர். பிறர் முகத்தின் அமைதியையே ஆபத்தின்மைக்குச் சான்றாகக் கொண்டார்கள்.

கேட்டவர்: நன்றி. அடுத்த கூட்டத்துக்கு முன்பே என் கருத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன்.