ஒரே நாதஸ்வரம், இரண்டு இயர்போன்: யார் காதில் விழுந்தது சரி?

வியாசர்பாடி லேத் கேட்கிறார்:

வணக்கம். வியாசர்பாடியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. இரும்பு கடைவதில் 22 ஆண்டுகள் போய்விட்டன. என் தொழிலில் ஒரு புஷ்ஷின் உள்விட்டம் 12.02 மில்லிமீட்டர் என்றால், நான் அளந்தாலும் 12.02, வாங்குகிறவர் அளந்தாலும் 12.02. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இப்போது வந்திருக்கும் குழப்பம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறையாவது உயர்ந்த இயர்போன் வாங்க வேண்டும் என்று பல காலமாக ஆசை. வீட்டில் ஒப்புதலும் வாங்கிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் தன்னுடைய சென்ஹைசர் ஐ.இ. 900-ஐ மூன்று வாரத்துக்கு என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறார். மைத்துனரிடம் ஷூர் எஸ்.இ. 846 இருக்கிறது. முதலாவது 2021-இல் வந்தது, 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (சவ்வை அதிரவைத்து ஒலி எழுப்பும் குட்டி ஒலிபெருக்கி) ஒன்றே ஒன்று. இரண்டாவது 2013-இல் வந்தது, பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வேறு வகை நுண்ணிய டிரைவர் நான்கு.

போன ஞாயிறு மாலை மொட்டை மாடியில் நானும் மைத்துனரும் உட்கார்ந்தோம். பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவு. தோடி ஆலாபனை முடிந்து தவில் சேரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம். பேசிக்கொள்ளாமல் தனித்தனித் தாளில் எழுதினோம். (அதில் வரும் சீவாளி, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு. தொப்பி, தவிலில் தாழ்ந்த ஒலி தரும் பக்கம்.)

சென்ஹைசரைப் பற்றி நான் எழுதியது: "சீவாளியில் காற்று உரசுவது வரை தெரிகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் காதில் ஊசி இறங்குகிறது. தவிலின் தொப்பி மெலிந்து கேட்கிறது." மைத்துனர் எழுதியது: "மேல் ஸ்தாயி வெண்ணெய். தொப்பி அடி வயிற்றில் வந்து விழுகிறது." ஷூரைப் பற்றி நான்: "நாதஸ்வரம் பத்தடி தள்ளி நிற்கிறது. இதமாக இருக்கிறது." அவர் தன் சொந்த இயர்போனைப் பற்றி எழுதியதுதான் என்னை உலுக்கியது: "இது என்னுடையதுதானா? வீட்டில் இது இப்படி ஒலிப்பதில்லையே!"

கருவிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டும் உயர்ந்த வேலைப்பாடு. ஐ.இ. 900-இன் அலுமினியக் கூட்டில் இருக்கும் மில்லிங் கோடுகளை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கேள்வி ஒன்றே: ஒரே ஒலிப்பதிவு, ஒரே கருவி, இரண்டு மனிதர்கள் நேர் எதிராக எழுதுகிறோம். யாருடைய தாளை நம்பி நான் பணத்தை எடுப்பது?

ராயபுரம் செவி எழுதுகிறார்:

அண்ணா, நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். உங்கள் இரண்டு தாள்களும் உண்மையாக இருக்கலாம். அவருடைய செவிப்பறைக்குப் போன ஒலி வேறு, உங்களுடையதற்கு வந்த ஒலி வேறு.

திறந்த காதில் குழாயின் நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். ஒரு பக்கம் திறந்திருப்பதால் அது 3 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். பிறந்த நாள் முதல் அதைக் கேட்டே நம் மூளை பழகியிருக்கிறது. இயர்போனைச் செருகியதும் குழாய் இரு பக்கமும் அடைபடுகிறது. அப்போது ஒத்ததிர்வு, அதாவது ஒலி தானாகவே எழும்பும் மேடு, வேறு இடத்துக்குத் தாவும். இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் இருந்தால் அந்த மேடு ஏறத்தாழ 8,700 ஹெர்ட்ஸில் வரும். 25 மில்லிமீட்டர் இருந்தால் 7,000-க்கு இறங்கிவிடும். ச, ஷ, ஸ ஒலிகளின் சீறலும் சீவாளியின் கூர்மையும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆழமாகச் செருகியவருக்கு மேடு மேலே நகர்ந்துவிடும், வெண்ணெயாகத் தோன்றும். மேலோட்டமாக வைத்தவருக்கு அதே மேடு ஊசியாகக் குத்தும்.

தொப்பி மெலிந்ததற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். ரப்பர் முனை காதை முழுதாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலி கசிந்து போய்விடும். மயிரிழை இடைவெளி போதும். இணையத்தில் பார்க்கும் வரைபடங்கள் செயற்கைக் காதுக் குழாயில் அளந்தவை. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அவற்றில் இருக்கும் மேடு பள்ளத்தை உங்கள் காதோடு ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். 22 ஆண்டுகள் பட்டறை என்கிறீர்கள். காதுமூடி அணிந்தீர்களா என்று சொல்லவில்லை. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குச் செவித்திறன் முதலில் 4 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் குறையும். பேச்சு நன்றாகக் கேட்பதால் பல ஆண்டுகள் தெரியவே தெரியாது. சீட்டுப் பணத்தைத் தொடுவதற்கு முன் ஒரு ஆடியோகிராம் (செவித்திறனை அளந்து காட்டும் வரைபடம்) எடுத்துவிடுங்கள்.

பழைய வண்ணை எழுதுகிறார்:

தம்பி, 30 ஆண்டுகளாக இந்தப் பித்தில் இருப்பவன் நான். எடிமோட்டிக் ஈ.ஆர்.4 இயர்போன் காதுக்குள் ஆழமாக இறங்கும்போது பயந்தவர்களில் ஒருவன். நீங்கள் எழுதியதில் விட்டுப்போன மூன்று விவரங்களைக் கேட்கிறேன்.

முதலில், ஒலி அளவைச் சமன் செய்தீர்களா? ஒரே போனில் ஒரே அளவு வைத்தால் அந்த ஷூர் சென்ஹைசரைவிட மிக உரக்கக் கேட்கும், அதன் உணர்திறன் அப்படி. நீங்கள் காதால் குத்துமதிப்பாகச் சரி செய்திருப்பீர்கள். அது போதாது. 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்: ஒலியளவு மாறினால் தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் காது கொடுக்கும் பங்கே மாறிவிடும். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதை நாம் 'உரக்கக் கேட்கிறது' என்று சொல்ல மாட்டோம், 'தெளிவு அதிகம்' என்று சொல்வோம். கடைகளில் எத்தனை பேர் இப்படி முடிவெடுத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்! மனம் பதறும்.

அடுத்தது, மைத்துனர் வீட்டில் எதில் செருகிக் கேட்கிறார்? பழைய ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளையாக இருந்தால் அவருடைய புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும். எஸ்.இ. 846-இன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) பெயரளவில் 9 ஓம். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் அது ஏறி இறங்கும். கொடுக்கும் கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறக்குறைய 1 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் போனால் இயர்போனின் குணமே மாறும். ஒற்றை டைனமிக் டிரைவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, அந்த ஷூரில் கழற்றி மாற்றக்கூடிய முனைக்குழல் மூன்று வகை உண்டு. 1 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டரை டெசிபல் ஏற்றுவது ஒன்று, இறக்குவது ஒன்று, நடுவில் ஒன்று. எது பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் ஒப்பிட்டதெல்லாம் கணக்கில் வராது.

எல்லாருக்கும் பிடிக்கும் ஒலி என்று ஒன்று இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் பலரைக் கேட்க வைத்து ஒரு சராசரி விருப்ப வளைவை வரைந்திருக்கிறார்கள். நல்ல உழைப்பு, நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் எம்.சி. ரோட்டில் தொங்கும் 40-ஆம் அளவுச் சட்டை போன்றது அது. பலருக்குப் பொருந்தும். உங்கள் தோளுக்குப் பொருந்துமா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எண்ணூர் இரவுப்பணி எழுதுகிறார்:

பழைய வண்ணை ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பத்து நொடி இது, பத்து நொடி அது என்று மாற்றி மாற்றிக் கேட்டால் பளிச்சென்று கேட்பதே ஜெயிக்கும். எனக்கு இரவுப் பணி, விடியற்காலையில் வீடு திரும்பும்போது ஒரு மணி நேரம் கேட்பேன். நான்கு நாட்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் மற்றொன்றை எடுத்தால்தான் எது களைப்பைத் தருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் களைப்பை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. முதலில் பஞ்சு முனை வாங்கிப் போட்டுப் பாருங்கள் அண்ணா. கூடவே வரும் ரப்பர் முனை என் வலது காதுக்கு ஒருபோதும் சேர்ந்ததில்லை.

பழைய வண்ணை எழுதுகிறார்:

அந்தக் களைப்பு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலியின் நுணுக்கத்தை நினைவு சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்காது. ஐந்தாம் நாள் நீங்கள் ஒப்பிடுவது நான்கு நாளைய மனநிலையோடு. ஒரு கருவியோடு வாழ முடியுமா என்பதற்கு உங்கள் வழி, வேறுபாடு உண்மையில் இருக்கிறதா என்பதற்கு என் வழி. இயர்போனில் கண்ணைக் கட்டிச் சோதிப்பதும் கடினம், காதின் தோலே எது எது என்று தொட்டுச் சொல்லிவிடும்.

வியாசர்பாடி லேத் எழுதுகிறார்:

ஒன்பது நாட்கள் கழித்து வருகிறேன். சொன்னதையெல்லாம் செய்தேன்.

அலுமினியத் தண்டு ஒன்றை எடுத்து 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஒரு குழாய் கடைந்து, அதன் அடியில் காலர் மைக் ஒன்றைப் பொருத்தினேன். இது ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது. ஆனால் 500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு இரண்டு இயர்போனையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர இது போதும். அந்த ஞாயிறன்று நான் வைத்திருந்த அளவுகளை அப்படியே வைத்துப் பார்த்தபோது சென்ஹைசர் 3 டெசிபல் உரக்க இருந்தது. அதே அளவுகளில்தான் மைத்துனரும் கேட்டார். ஆகவே எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வேறுபாட்டை இது விளக்காது. எனக்கு ஊசி ஏன் என்பதில் ஒரு பாதியை விளக்கியது.

மறு பாதி ரப்பர் முனையில் இருந்தது. நான் நடு அளவு போட்டிருந்தேன். அது காதின் வாயிலிலேயே உட்கார்ந்துகொண்டது. சிறிய அளவைப் போட்டதும் உள்ளே இறங்கியது. வெர்னியரில் பார்த்தால் காதுக்கு வெளியே துருத்துவது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. தவிலின் தொப்பி எழுந்து வந்தது. பேசின் பாலம் பக்கம் போகும் ரயிலின் உறுமல் அமுங்கியது. ஊசி முழுதாகப் போகவில்லை, ஆனால் அதன் முனை மழுங்கிவிட்டது.

அப்போதுதான் என் மேசை மேல் கிடந்த மைக்ரோமீட்டரைப் பார்த்தேன். அதன் கடைசியில் ராட்செட் (குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் நழுவிவிடும் திருகி) எதற்கு இருக்கிறது? ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு அழுத்தத்தில் இறுக்கும் என்பதால். 12.02 எல்லாருக்கும் 12.02-ஆக வருவது அந்த ராட்செட் இருப்பதால்தான். இதை 22 ஆண்டுகள் தினமும் திருகியிருக்கிறேன். காதில் ஒன்றைச் செருகும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

ஐயா, மைத்துனர் வீட்டில் இருப்பது நீங்கள் சொன்னது போலவே பழைய ஆம்ப்ளிஃபயர். என் போனோடு வரும் சிறிய டி.ஏ.சி.யை (டிஜிட்டல் பதிவை இயர்போனுக்கான மின்னலையாக மாற்றும் கருவி) அங்கே கொண்டுபோய் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவருடைய ஷூர் இரண்டிலும் இரண்டு விதமாகப் பாடியது. நண்பரின் சென்ஹைசரில் எங்களால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. முனைக்குழல் நடுவகைதான்.

இன்னொரு விஷயமும் அன்று பேசும்போது வெளியே வந்தது. இருவரும் நாதஸ்வரத்தை நேரில் கேட்டு வளர்ந்தது திருவொற்றியூர்க் கோயில் மாசித் திருவிழாவில். அவர் சிறுவனாக இருக்கும்போது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து தவில்காரருக்குப் பக்கத்திலேயே போவாராம். நான் கூட்டத்துக்குப் பயந்து சன்னிதித் தெருக் கோடியில் நின்று கேட்டவன். எனக்கு நாதஸ்வரம் என்றால் தூரத்திலிருந்து காற்றில் வருவது. அவருக்கு அது முகத்தில் அடிப்பது. முனையும் அளவும் சரி செய்த பிறகும் நான் ஷூரில் கேட்டபோது "சரியான தூரம்" என்று எழுதினேன். அவர் "மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்" என்று எழுதினார். இதைக் கடைந்து சரி செய்ய முடியாது, செய்யவும் விரும்பவில்லை.

ஆடியோகிராம் எடுத்தேன் தங்கச்சி. இடது காது 4 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபல், வலது 30. மற்ற இடங்களில் 20-க்குள். கிரைண்டர் எனக்கு இடப்பக்கம் இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் சிறிது நேரம் நின்றேன். ஒரு சந்தேகம்: அங்கே எனக்குக் கேட்பது குறைவு என்றால், மேல் ஸ்தாயி எப்படி ஊசியாகக் குத்துகிறது? ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 4 கிலோஹெர்ட்ஸை ஏற்றிவிடலாமா?

ராயபுரம் செவி எழுதுகிறார்:

40 என்றால் அந்த அளவுக்குக் கீழே உள்ள மெல்லிய ஒலி உங்கள் இடது காதுக்கு எட்டாது. ஆனால் அந்த வரம்பைத் தாண்டியதும் ஒலி மற்றவர்களைவிட வேகமாக உரத்துப் போகும். பாதிக்கப்பட்ட காதுகளில் இது வழக்கம். மெல்லியது கேட்காது, பலத்தது மற்றவர்களுக்குப் போலவே உரக்க விழும், நடுவில் இருக்கும் படிகள் குறைந்துவிடும். அதனால் 40 டெசிபல் பள்ளத்தை 40 டெசிபல் ஏற்றி நிரப்பக் கூடாது. 3, 4 டெசிபல் ஏற்றிப் பாருங்கள், மொத்த ஒலியளவைக் குறைத்து வையுங்கள். குத்தினால் உடனே விட்டுவிடுங்கள். உங்கள் வளைவு மைத்துனருக்குச் சரிப்படாது, அவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் உங்களோடு இன்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களையும் அழைத்து வாருங்கள் அண்ணா. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

வியாசர்பாடி லேத் எழுதுகிறார்:

இரண்டு பையன்கள். ஒருவனுக்கு 19 வயது. வெள்ளிக்கிழமை மதியம் மின்தடை அறிவித்திருக்கிறார்கள், அன்று மூவரும் வருகிறோம். காதுமூடி மூன்று இன்று காலையே வாங்கிவிட்டேன். நண்பர் இயர்போனைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன. எண்ணூர்த் தம்பி சொன்னபடி நான்கு நாட்கள் சென்ஹைசரை மட்டும், சிறிய முனையோடு, அளவைக் குறைத்துக் கேட்கப் போகிறேன். ஐந்தாம் நாள் ஷூர்.