ஞாயிற்றுக்கிழமை எறச்சியை வாரம் முழுக்க ஃப்ரீசரில் வைக்க முறை சொல்லுங்க: வறுத்தரைச்ச குழம்பு பிரிந்து போகிறது

நாகர்கோவில்_அடுப்படி
ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, பிள்ளைகள் ரெண்டு. ஞாயிற்றுக்கிழமை 2 கிலோ மாட்டெறச்சியும் 2 கிலோ கோழியும் வாங்கி ஒரேயடியாக வேலையை முடித்தால், மற்ற நாள் ராத்திரிக்குச் சோறோ மரச்சீனியோ (மரவள்ளிக்கிழங்கு) வேகவைத்தால் போதும். ஆனால் வறுத்தரைச்ச குழம்பை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கினால் தண்ணி தனி, தேங்காய்த் திப்பி தனியாக நிற்கிறது. உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பச்சையாக வைத்த கோழியில் எலும்பைச் சுற்றிக் கறுப்பு. ஃப்ரிட்ஜ் 250 லிட்டர், ரெட்டைக் கதவு. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதையும் சொல்லுங்க.

தக்கலை_கைமணம்
முழுக் குழம்பாக வைப்பதுதான் கோளாறு. அரைத்த தேங்காய் தண்ணியையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். உறையும்போது தண்ணி பனிக்கட்டியாகப் பிரிந்துவிடுவதால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய கறி இன்னும் சீக்கிரம் திரியும். எறச்சி தனி, அரைப்பு தனி என்று வையுங்க. சேர்க்கிறது சாப்பிடுகிற அன்றைக்கு.

2 கிலோ மாட்டெறச்சிக்கு: 3 செ.மீ. துண்டுகள், கழுவி அரிப்பில் 15 நிமிஷம் வடிய விடுங்க. மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், உப்பு 3 டீஸ்பூன், சதைத்த இஞ்சி 50 கிராம், நறுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 200 கிராம். தண்ணி அரை டம்ளருக்கு மேல் வேண்டாம், எறச்சியே விடும். 5 லிட்டர் குக்கரில் ரெண்டு தடவையாக வையுங்க. முதல் விசில் வந்ததும் சிம்மில் 15 நிமிஷம். மூத்த மாடானால் 25. கத்தி முனை இறங்க வேண்டும், ஆனால் கொஞ்சம் தடுக்க வேண்டும். மசாலாவோடு இன்னொரு 15 நிமிஷம் கொதிக்கப் போகிறது. இப்போதே பூப்போல வெந்திருந்தால் அன்றைக்கு நார் நாராகப் பிரியும்.

அரைப்புக்கு ஒரு பெரிய தேங்காய், வத்தல் (காய்ந்த மிளகாய்) 15, மல்லி 5 மேஜைக்கரண்டி, நல்லமிளகு 2 டீஸ்பூன், பெருஞ்சீரகம் 1 டீஸ்பூன், கறிவேப்பிலை. திருவிய தேங்காயைச் சின்னத் தீயில் புளியங்கொட்டை நிறம் வரும்வரை கிண்டிக்கொண்டே இருங்க, 20 நிமிஷம் பிடிக்கும். வத்தலும் மல்லியும் தனியாக வறுக்கணும். சேர்த்துப் போட்டால் தேங்காய் சிவக்கும் முன்னே வத்தல் கரிந்துவிடும். ஆறியபிறகு தண்ணி விடாமல் அரையுங்க. முதலில் பொடியாகும், பிறகு தேங்காயின் எண்ணெய் கக்கித் தானே விழுதாகும். தண்ணி சேராத இந்த விழுது ஃப்ரீசரில் பிரியாது. நாலு உருண்டையாக உருட்டி வையுங்க, அரைக் கிலோ எறச்சிக்கு ஒன்று. ஒரு மாசத்துக்குள் தீர்க்கணும், பிறகு சிக்கு வாடை தட்டும். கிராம்பும் பூண்டும் ஃப்ரீசரில் கடுத்துக் கசக்கும் என்பதால் ரெண்டையும் சூடாக்கும் அன்றைக்குத் தாளிப்பில் போடுங்க. உருளைக்கிழங்கும் அன்றைக்குத்தான்.

கோழி எலும்பு கறுப்பது கெட்டதால் இல்லை. பிராய்லர் இளங்கோழி, எலும்பு முற்றியிருக்காது. உறையும்போது உள்ளே இருக்கிற மஜ்ஜையின் நிறம் வெளியே கசிகிறது. தின்னலாம். மஞ்சள், உப்பு, இஞ்சி போட்டு உருளியில் 15 நிமிஷம் வேகவைத்துவிட்டு வைத்தால் கறுப்பு குறையும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விடாதீங்க. வெந்த எறச்சியைக் குக்கரோடு ராத்திரி முழுக்க மூடி வைத்துக் காலையில் ஃப்ரீசருக்கு மாற்றக் கூடாது. கொதியில் சாகாத கிருமி வித்துகள் உண்டு. பாத்திரம் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அகலமான தாம்பாளத்தில் பரத்தி, தாம்பாளத்தைத் தண்ணி நிறைத்த தொட்டியில் வைத்தால் அரை மணி நேரத்தில் ஆறும். அடுப்பிலிருந்து இறக்கி 2 மணி நேரத்துக்குள் உள்ளே போகணும்.

மார்த்தாண்டம்_கூலிங்
ஃப்ரீசர் பக்கத்தை நான் சொல்கிறேன். 250 லிட்டரில் மேல்தட்டு சுமார் 50 லிட்டர்தான் வரும். ஒரே நாளில் 2 கிலோவுக்கு மேல் புதுசாக ஏற்றாதீங்க. மொத்தமாகத் திணித்தால் நடுவில் இருப்பது உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். மெல்ல உறைந்தால் பனிக்கட்டி பெரிசு பெரிசாகக் கட்டித் தசையைக் கிழிக்கும். உருக்கும்போது சாறெல்லாம் வடிந்து எறச்சி சக்கையாவது அதனால்தான். மாட்டெறச்சி ஞாயிறு, கோழி திங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்க.

கடையில் தருகிற மெல்லிய கேரி கவர் ஆகாது. கெட்டியான ஜிப் கவரில் அரை அரைக் கிலோவாகப் போட்டு, 2 செ.மீ. கனத்துக்குத் தட்டையாக அமர்த்தி, காற்றை நெருக்கி வெளியேற்றி மூடுங்க. படுக்க வைத்து உறைந்த பிறகு புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். கவரில் தேதி எழுதணும். தானாகப் பனி நீக்கும் மாடலில் ஹீட்டர் அவ்வப்போது ஓடுவதால் காற்றுப் புகுந்த கவரில் எறச்சி சீக்கிரம் காய்ந்து சாம்பல் நிறத் திட்டு விழும். மைனஸ் 18 டிகிரி நிற்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்க. நின்றால் வெந்த எறச்சி 2 முதல் 3 மாசம் வரை ருசி குறையாமல் இருக்கும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்கவே கூடாது. நிறைய இருக்கும் ஃப்ரீசர் காலியான ஃப்ரீசரைவிட நெடுநேரம் தாங்கும், அதனால் இடம் மிச்சமிருந்தால் தண்ணி பாட்டிலை முக்கால் நிரப்பி வையுங்க. ஒரு டம்ளர் தண்ணியை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்க. கரண்ட் வந்தபிறகு பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எறச்சியைக் கொட்டிவிடுங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான நிலையில் எந்தக் கணக்கும் நிற்காது. ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மட்டும் வைப்பது நல்லது.

நாகர்கோவில்_அடுப்படி
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். கட்டியாக இருப்பதை அப்படியே குக்கரில் போடலாமா? உருகின பச்சைக் கோழியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாமா?

கருங்கல்_சட்டி
கட்டியை வெறும் குக்கரில் போட்டால் நடு உருகுமுன்னே அடி பிடிக்கும். ராத்திரியே கவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்துவிட்டால் மறுநாள் சாயங்காலத்துக்குப் பதமாக இருக்கும். மறந்துபோனால் மூடின கவரைப் பச்சைத் தண்ணியில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை தண்ணி மாற்றுங்க, ஒரு மணி நேரத்தில் விட்டுவரும். சமையல் மேடையில் பகல் முழுக்க வைத்து உருக்காதீங்க. பிறகு அரைப்பு உருண்டையை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் கரைத்து ஊற்றி, நன்றாகக் கொதித்தபிறகு சிம்மில் 15 நிமிஷம்.

பச்சைக் கோழி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியிருந்தால் வேகவைத்து இன்னொரு தடவை வைக்கலாம். பச்சைத் தண்ணியில் போட்டு உருக்கியிருந்தால் உடனே சமைத்துத் தின்றுவிடணும்.

அரைப்பு உருண்டைக் கவரைத் திறக்கும்போது மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை என்று எறிந்துவிடாதீங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதுதான். அடுப்பு சூட்டில் கரைந்துவிடும். இன்னொன்று, ஒரு கவரையாவது வறட்டிய எறச்சியாக வைத்துப் பாருங்க. தண்ணி சுண்டியிருப்பதால் ஃப்ரீசருக்கு அதைவிடத் தோதானது இல்லை. தேங்காய்க்கொத்தை மட்டும் அன்றைக்கு எண்ணெயில் பொரித்துச் சேர்த்தால் கடிக்க மொறுமொறுப்பாக இருக்கும்.