குணமானவருக்கு ‘ஹெச்சிவி ரியாக்டிவ்’

ஹெபடைடிஸ் சி பற்றி டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னவை இவை.

சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் முடித்து, ஹெபடைடிஸ் சி (ஹெச்சிவி) வைரஸ் போய்விட்டது என்று உறுதியானவர். இரண்டு வருடம் கழித்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தத்தில் ‘ரியாக்டிவ்’. “மறுபடி வந்திருச்சா டாக்டர்?” ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். வீட்டில் அதற்குள் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. தட்டில் பரவும் நோயே இல்லை இது. ‘ரியாக்டிவ்’ காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கியதை. அது குணமான பிறகும் ரத்தத்தில் இருக்கும். குணமானவருக்கு ஆன்டிபாடி பரிசோதனை எழுதியதே தவறு. வைரஸையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனையை எழுதியிருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் நெகட்டிவ்.

—

அந்த ஆர்என்ஏவோடு முடித்துவிடாதீர்கள். குணமானதால் எதிர்ப்பு சக்தி வந்துவிடாது, தடுப்பூசியும் கிடையாது. ஊசி போதைப் பழக்கம் தொடர்பவருக்கு வருடம் ஒருமுறையாவது ஆர்என்ஏ வேண்டும். புதிதாக ரியாக்டிவ் வந்தவருக்கும் நேரே மாத்திரை வேண்டாம்: 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும். அதே ரத்த மாதிரியிலேயே ஆர்என்ஏவும் பார்க்கச் சொல்லுங்கள். ‘இன்னொரு நாள் வாங்க’ என்றால் பலர் வருவதில்லை.

—

இன்னொரு நோயாளி. சோபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100 மி.கி. ஒரு நாள்கூடத் தவறவில்லை. முடிந்து 12 வாரம் கழித்தும் வைரஸ் இருந்தது. பையைக் கவிழ்த்தபோது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அட்டை விழுந்தது, கடையில் தானே வாங்கியது. அமிலம் குறைந்தால் வெல்படாஸ்விர் உடலில் சரியாகச் சேராது. தவிர்க்கவே முடியாதென்றால் வெல்படாஸ்விரைச் சாப்பாட்டோடு கொடுத்து, 4 மணி நேரம் கழித்து ஒமிப்ரசோல் 20 மி.கி. சிகிச்சை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சி அடங்கும்போது பி கிளம்பலாம். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் எடுப்பவருக்கு சோபோஸ்புவிர் கொடுத்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசபின், ஃபெனிடாயின் இருந்தால் ஹெபடைடிஸ் சி மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வைரஸ் போகப் போகச் சர்க்கரையும் இறங்கலாம், இன்சுலினைக் குறைக்க வேண்டி வரலாம்.

—

எல்லோரும் வைரஸைப் பற்றியே பேசுகிறீர்கள், கல்லீரல்? ஒரு நோயாளிக்கு ஏஎஸ்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) 80, உச்ச வரம்பு 40, பிளேட்லெட் ஒரு லட்சம். 80ஐ 40ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து 100ஆல் வகுத்தால் ஏப்ரி, அதாவது கல்லீரல் தழும்பை மதிப்பிடும் எண், 2. இரண்டு என்றாலே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சிகிச்சைக்கு முன்பே போட வேண்டும். பிறகு ஏஎஸ்டி இறங்கி, எண் குறைத்துக் காட்டும். சிரோசிஸ் இருந்தால் குணமான பின்னும் 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன், கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வருகிறதா என்று பார்க்க. அந்த நோயாளிக்கு மூன்று வருடமாக ஒன்றுகூட இல்லை. வந்தபோது கட்டி 7 செ.மீ. பழைய சீட்டின் கடைசி வரி: ‘குணமானார். இனி வரத் தேவையில்லை.’