டெபியன் சர்வரில் அப்டேட்டுகளைத் தானாக நிறுவச் செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வர் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். வாரந்தோறும் கையால் அப்டேட் செய்வது அடிக்கடி விட்டுப்போனதால், அதிகாலை 3 மணிக்கு எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று சொல்லி, பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட்-கெட் அப்கிரேட் கட்டளையை இயக்கும் வரி ஒன்றை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதி வைத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. நேற்றுக் காலை பார்த்தால், வெப் சர்வர் பேக்கேஜ் பாதி நிறுவிய நிலையில் நின்றிருந்தது. எங்கே தவறினேன் என்று விளக்குவீர்களா?

மறுமொழி 1

அந்த பேக்கேஜின் கான்ஃபிக் (அமைவு) கோப்பை நீங்கள் முன்பு கையால் திருத்தியிருப்பீர்கள். புதிய பதிப்பிலும் அதே கோப்பு மாறியிருந்தால், உங்களுடையதை வைத்துக்கொள்வதா, புதியதை எடுத்துக்கொள்வதா என்று டிபிகேஜி (ஆப்ட்-கெட்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) நின்று கேட்கும். நீங்கள் கொடுத்த 'ஆம்' ஆப்டின் கேள்விகளுக்குத்தான் செல்லும். டிபிகேஜியின் இந்தக் கேள்விக்குச் செல்லாது. கிரானில் விடை சொல்ல ஆள் இல்லாததால் அது பிழையோடு முடிந்துவிட்டது. இப்போது டிபிகேஜியைக் கான்ஃபிகர் தெரிவுடன் கையால் இயக்கி, கேள்வி வரும்போது 'டி' எழுத்தை அழுத்தி இரு கோப்புகளின் வேறுபாட்டைப் பார்த்த பிறகு விடை கொடுங்கள்.

பிறகு அந்தக் கிரான் வரியை நீக்கிவிட்டு, அப்டேட்டுகளைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுமாறு வலியுறுத்திச் சொல்கிறேன். இப்படிக் கேள்வி எழக்கூடிய பேக்கேஜை அது முன்கூட்டியே கண்டறிந்து, தொடாமல் ஒதுக்கி வைத்துவிடும். பதிவிறக்கத்துக்கு ஒன்று, நிறுவுதலுக்கு ஒன்று என சிஸ்டம்டியின் (சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் பகுதி) இரண்டு டைமர்கள் இதற்கு உள்ளன. நிறுவும் டைமர் காலை 6 மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் இயங்கும். வெளியாரின் ரெபாசிட்டரிகளை (பேக்கேஜ் கிடங்குகளை) நீங்களே பட்டியலில் சேர்த்தாலன்றி அது தொடாது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்கும் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் (பல புரோகிராம்கள் பயன்படுத்தும் குறியாக்க லைப்ரரி) வட்டில் வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன் நினைவகத்தில் இருக்கும் பழைய லைப்ரரியைத்தான் பயன்படுத்தும். ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்த ஓட்டை அடைபடாது. எவற்றை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி காட்டும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கோ ரீபூட்டே தேவை. தானாக ரீபூட் ஆகும் வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இயக்கினால் நேரத்தையும் நீங்களே குறித்துவிடுங்கள்.

டேட்டாபேஸை மட்டும் நான் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறேன். ஒருமுறை பேக்கப் ஓடும்போதே அது அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனதால், அன்றைய பேக்கப் பாதியில் அறுந்துபோனது. விலக்கி வைத்ததை மாதம் ஒருமுறை உட்கார்ந்து கையால் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பெரிய ஆபத்து.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வேறுபாட்டைப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் மாற்றிய ஒரே ஒரு டைம்அவுட் வரிதான் காரணம் என்று தெரிந்தது. அதைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிட்டேன். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸை ஒத்திகை முறையிலும் ஓட்டிப் பார்த்தேன், அது எந்த பேக்கேஜையும் ஒதுக்கவில்லை. எங்களிடம் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் ஓடும் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

மறுமொழி 1

இல்லை. அங்கே ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கருவியின் கிரான் துணைக்கட்டளை, 1 முதல் 3600 வினாடிவரை ஏதோ ஓர் இடைவெளி விட்டு அடிப்படை அமைப்புக்கான திருத்தங்களைப் பதிவிறக்கி, ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) மின்னஞ்சல் அனுப்புவதோடு நின்றுவிடும். நிறுவும் கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பேக்கேஜ்களை பிகேஜி என்ற கருவி தனியாகக் கவனிக்கிறது.